கணினியின் காலைப் பெரட்டு

எங்காவது ஒரு பெரிய மோட்டார் உறுமிக் கிளம்பினால் என் கண் தானாக மேலே போய் மின்விளக்கைத் தேடும். அடுக்குமாடியில் லிஃப்ட் ஏறும்போதும் அப்படித்தான், கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் கிரைண்டர் சுழலும்போதும் அப்படித்தான். விளக்கு மங்குகிறதா, ஒரு கணம் செத்துப் பிழைக்கிறதா என்று பார்ப்பேன். இப்போதெல்லாம் மங்குவதில்லை. இருந்தும் பார்ப்பேன். பக்கத்தில் நிற்பவர்கள் பல்லி ஏதும் விழப்போகிறதோ என்று தாங்களும் அண்ணாந்து பார்ப்பார்கள்.

இந்தப் பழக்கம் எனக்கு இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஒட்டிக்கொண்டது. எண்பதுகளின் பிற்பாதி. கணினி என்ற பொருள் மலையேறி வந்த புதிது. கண்டியில் ஒரு சின்னக் கம்பனிக்காகத் தோட்டம் தோட்டமாகப் போய் அந்தப் பெட்டிகளை நிறுவுவதும், அவை படுத்துக்கொண்டால் எழுப்புவதும் என் பிழைப்பு. ரயில், பஸ், பிறகு கால். பையில் ஒரு திருப்புளி, சில வட்டுகள், மாற்று உடுப்பு.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் நீங்கள் போன வாரம் என்னைச் சூழ்ந்துகொண்டு கேட்டீர்கள்: "சார், புது மிஷினில் எந்தெந்தப் பின்னணிச் சேவைகளை இயல்பாகவே ஓட விடலாம், எதையெல்லாம் நிறுத்தி வைக்கலாம்?" நீங்கள் எதிர்பார்த்தது ஒரு அட்டவணை. அட்டவணைகள் ஆண்டுக்கு ஒரு தடவை பொய்த்துப்போகும். அதனால் ரோசலினின் கதையைச் சொல்கிறேன்.

இன்றைய இயந்திரத்தைப் பெட்டி பிரித்து உயிர்கொடுத்தால், நீங்கள் உங்கள் பெயரைச் சொல்வதற்குள்ளேயே உள்ளே ஒரு கூட்டம் வேலையைத் தொடங்கிவிடுகிறது. அன்றைக்கும் கூட்டம் உண்டு, சின்னக் கூட்டம். இயந்திரம் எழும்பும்போது முதலில் ஒரு சின்னக் கோப்பைப் படிக்கும். அதில் யார் யார் பெயர் இருக்கிறதோ அந்த நிரல்களெல்லாம் வரிசையாக எழுந்து வந்து நினைவகத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துகொள்ளும். இயந்திரம் அணையும்வரை நகராது. நினைவகமோ தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் லயத்து ஒற்றையறைக் காம்பரா மாதிரி. ஒருவர் காலை நீட்டினால் இன்னொருவர் மடக்க வேண்டும்.

யாரை உட்கார வைப்பது என்பதில் கண்டியில் என் மேலதிகாரிக்கு ஒரே கொள்கை. "தம்பி, வாங்குற ஆளு பெட்டிக்குள்ள என்னா இருக்குன்னு பாக்க மாட்டான். திரையில என்னா ஆடுதுன்னுதான் பாப்பான். எல்லாத்தையும் போட்டு விடு." கெட்ட மனிதர் இல்லை. விற்கத் தெரிந்தவர், அவ்வளவுதான். ஆகவே நாங்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டோம். திரையின் மூலையில் ஓடி, மணிக்கொரு தடவை பாட்டுப் பாடும் கடிகாரம். பொத்தானை அமுக்கினால் முளைக்கும் கணக்குப்பொறி. நாட்காட்டி. சும்மா இருந்தால் திரையில் பறக்கும் நட்சத்திரங்கள். இந்த அலங்காரங்களுக்கு நடுவே இரண்டு வேலைக்காரர்கள்: ஒன்று, அச்சடிக்க வேண்டியதை வரிசையில் வாங்கி வைத்துக்கொண்டு, நீங்கள் தட்டச்சுச் செய்துகொண்டிருக்கும்போதே பின்னால் அச்சடித்துத் தள்ளுவது. இன்னொன்று, தட்டியதைக் கொஞ்ச நேரத்துக்கொரு தடவை சத்தமில்லாமல் வட்டில் எழுதி வைப்பது. அதைக் 'காப்பு' என்றுதான் சொல்வோம்.

மாசிமாத வெயில், மாசிமாதக் குளிர். தலவாக்கலையில் ரயிலை விட்டிறங்கி, பஸ் ஏறி, ஏற்றம் ஏறி அந்தத் தோட்டத்து ஒப்பீசுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பக்கத்துப் பெக்டரியிலிருந்து வாடிய கொழுந்தின் பச்சை வாசம் வாசற்படிவரை வந்து நின்றிருந்தது. ரோசலின் வாசலிலேயே காத்திருந்தாள்.

"வந்துட்டீங்களா சார்! நீங்க வரணும்னு மாதாவுக்கு மெழுகுவத்தி நேந்திருந்தேன். இப்பக்கி அரை மெழுகுவத்திதான். மிச்சம் மிஷின் ஓடுனாத்தான்."

அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்து, அதே ஒப்பீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் பெண். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் விரல்கள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தன. காரணம் எனக்குத் தெரியும். கணினியைக் கொழும்புத் தலைமை அலுவலகம் இந்தத் தோட்டத்துக்குத் தற்காலிகமாகத்தான் கொடுத்திருந்தது. அன்று மத்தியானம் அங்கிருந்து ஒரு பெரியவர் வந்து பார்ப்பார். இயந்திரம் ஒழுங்காக வேலை செய்தால் இங்கேயே இருக்கும். இல்லையென்றால் அவரது ஜீப்பிலேயே வேறு தோட்டத்துக்குப் போகும். இயந்திரம் போனால் ரோசலினின் உத்தியோகமும் போகும். இதற்காக அவள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த ஆசிரியர் வேலையை வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. திரும்பிப் போக இடமில்லை.

வேலை இதுதான்: ஏலத்துக்காகக் கொழும்புக்குப் போகும் தேயிலைப் பெட்டிகளின் விவரங்களைக் கணினியில் ஏற்றி, தாளில் அச்சடித்து, மத்தியான பஸ்சுக்குள் தப்பால்காரரிடம் கொடுக்க வேண்டும். தோட்டத்துத் தபாலைச் சுமந்துகொண்டு டவுனுக்கு இறங்கும் மனிதர் அவர். பஸ்சுக்குப் பிந்தினால் தேயிலையும் ஏலத்துக்குப் பிந்தும். இந்த வேலைக்காகத் தலைமை அலுவலகம் புதிதாக ஒரு நிரலை அனுப்பியிருந்தது. பழையதைவிடப் பெருத்த உடம்பு. நினைவகத்தில் இடம் போதாது என்று அது உள்ளே வரவே மறுத்துவிட்டதாம்.

"அதெல்லாம் நீங்க வர்றதுக்கு முன்னுக்கே சரி பண்ணியாச்சு தம்பி," என்றபடி வந்தார் ஒப்பீசின் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர். நெற்றி நிறைய விபூதி, காதில் பென்சில். வெள்ளைக்காரத் தொரைகளையும் பிறகு வந்த தொரைகளையும் ஒரே பணிவோடு பார்த்து முடித்தவர். "ஒரு ஆளத் தூக்குனேன். புதுசு உள்ளுக்கு வந்துருச்சு."

யாரைத் தூக்கினார் என்று கேட்க வாயெடுத்தேன். பக்கத்துப் பெக்டரியில் கொழுந்தை உருட்டும் ரோலரின் மோட்டார் உறுமிக் கிளம்பியது. தலைக்கு மேலே விளக்கு மங்கியது. கணினித் திரை இருண்டது.

"போச்சு," என்றாள் ரோசலின். "காலையிலேருந்து தட்டுனது எல்லாம் போச்சு. நேத்தும் இப்புடித்தான்."

இயந்திரம் மறுபடி எழுந்தது. ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். கடிகாரம் வந்தது, வந்த சந்தோஷத்தில் ஒரு துண்டுப் பாட்டும் பாடியது. நாட்காட்டி வந்தது. கணக்குப்பொறி வந்தது. நட்சத்திரங்கள் வந்தன. கடைசியாக அச்சு வரிசை. காப்பு வரவில்லை.

கோப்பைத் திறந்து பார்த்தேன். சிரிப்பதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை. நாங்கள் போட்டிருந்த வரிசையைப் பெரிய கிளாக்கர் அழகாக மாற்றி எழுதியிருந்தார். முதலில் கடிகாரம், அது தோட்டத்து மனேஜரான பெரிய தொரைக்குப் பிடித்தது. அடுத்து நாட்காட்டி, அதில் அவருக்கு அடுத்தபடியான சின்ன தொரையின் கிளப் விளையாட்டு நாட்கள் இருந்தன. அடுத்து கணக்குப்பொறி, அது அவருடையது. அடுத்து நட்சத்திரங்கள், பெக்டரியில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் வந்தால் பார்த்துக்கொண்டு நிற்பார். யார் பெயரிலும் இல்லாத அச்சு வரிசை கடைசியில்.

"காப்பு எங்கங்க ஐயா?"

"அதுவா? அது ஒரு வேலையும் செய்யல தம்பி. நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன், ஒரு நாளாச்சும் திரையில தலைகாட்டுனா கேளுங்க! சும்மா ஒக்காந்துருக்கற ஆளுக்கு எதுக்குப் பேரு போடணும்?"

"அப்ப கடிகாரம் முதல்ல?"

"தொரை பேருக்கு மேல வேற பேரா?" அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை.

இந்தத் தவறைக் கொழும்பில் யாரும் செய்திருக்க மாட்டார்கள். மலையை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள்: உச்சியில் தொரை பங்களா, அதற்குக் கீழே சின்ன தொரை, அதற்குக் கீழே கிளாக்கர்மார் குடியிருக்கும் ஸ்டாப் குவாட்டர்ஸ், அடியில் லயங்கள். அவர் கணினிக்குள்ளும் அதே மலையைக் கட்டியிருந்தார். அதில் ஒரு நேர்மைகூட இருந்தது. நாங்கள் கண்டியில் பளபளப்பைப் பார்த்து ஆளைச் சேர்த்தோம். அவர் படிநிலையைப் பார்த்து ஆளை வைத்துக்கொண்டார். இரண்டு பேருமே வேலையைப் பார்க்கவில்லை.

மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது. காப்பைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அப்படியென்றால் யாராவது எழுந்து இடம் விட வேண்டும். யாருக்கும் மனம் நோகாத ஒரு வழி எனக்குச் சட்டென்று தோன்றியது.

"அச்சு வரிசையைத் தூக்கிடுவோம்," என்றேன்.

"தூக்குனா, பேப்பர் அடிச்சு முடியிற வரைக்கும் நான் கையக் கட்டிக்கிட்டுத்தானே ஒக்காரணும்?" என்றாள் ரோசலின். "தப்பால்காரரு பஸ்சுக்குப் போயிருவாரு. அது யாரு பேர்லயும் இல்லன்னுதானே சார் அத மட்டும் தூக்கப் பாக்குறீங்க?"

சுருக்கென்று இருந்தது. இளைஞர்களே, சேவைகளை நிறுத்தி வைக்க நீங்கள் உட்காரும்போது இந்தக் குரல் உங்கள் காதிலும் ஒலிக்கட்டும். கேள்வி கேட்க ஆளில்லாத சேவையை நிறுத்துவது எப்போதும் சுலபம்.

நட்சத்திரங்களை எடுத்தேன். டீமேக்கருக்குப் பெக்டரியில் பார்க்க வேண்டியது நிறைய இருந்தது. பெரிய கிளாக்கர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்னோட கணக்குப்பொறியயும் எடுங்க. எனக்கு வெரலு இருக்கு," என்றார். நாட்காட்டியைப் பற்றிக் கேட்டபோது, "சின்ன தொரை லீவுல இருக்காரு. வந்தா நான் பேசிக்கிறேன்," என்று தைரியமாகச் சொன்னார்.

மூன்று பேரும் போன பிறகும் காப்புக்கு இடம் போதவில்லை. கடிகாரம்தான் காரணம். வயிற்றுக்குள் அத்தனை பாட்டுகளையும் வைத்துக்கொண்டு மூலை முழுக்கச் சம்மணம் போட்டிருந்தது.

"சத்தமில்லாம எடுத்துருங்க," என்று பெரிய கிளாக்கர் குசுகுசுத்தார். "தொரை கேட்டா மழைன்னு சொல்லிக்கலாம்."

"வெயிலு கொளுத்துது ஐயா," என்றாள் ரோசலின். பிறகு என் பக்கம் திரும்பினாள். "வேணாம் சார். கொழும்பு ஆளு வந்தவொடனே தொரை மொதல்ல பாட்டத்தான் போடச் சொல்லுவாரு. பாட்டு வராட்டி மிஷின் ஒடஞ்சுருச்சுன்னு அவரே சொல்லிப்புடுவாரு. அப்பறம் நான் எங்க போறது? நேராக் கேட்டுருவோம்."

கை விசைப்பலகையில் இருந்தது. ஒரு வரியை அழித்தால் போதும், யாருக்கும் தெரியாது. அந்த நொடியில் செய்யாமல் விட்டதற்காக இன்றைக்கும் என் கையை மெச்சிக்கொள்கிறேன். அறிவிக்காமல் நிறுத்தப்பட்ட சேவையைப் பழுது என்றுதான் உலகம் சொல்லும்.

பெரிய தொரை தென்பகுதிச் சிங்களவர். மலையில் ஆட்களோடு ஆட்களாக நின்று தமிழ் பழகியவர். நாங்கள் இருவரும் அவர் அறைக்குள் போய் நின்றோம். பெரிய கிளாக்கர் கதவருகே, பாதி உடம்பு வெளியே.

"நம்ம ஒரலோசா? ஏன், அது என்னா குத்தம் செஞ்சிச்சி?" என்று கேட்டார் தொரை. ஒரலோசு என்றால் சிங்களத்தில் கடிகாரம்; அதையே அவர் அதற்குச் செல்லப்பெயராக வைத்திருந்தார். நான் நினைவகம், இடம், காப்பு என்று விளக்கினேன். அவர் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை.

"பாருங்க, பேப்பரு எல்லா மிஷின்லயும் வரும். பாடுற மிஷின் நம்மகிட்டதான் இருக்கு. கொழும்பு ஜென்டில்மனுக்கு நான் வேற என்னா காட்றது?"

ரோசலின்தான் பேசினாள்.

"சார், காமன் கூத்து ஆடுறவங்க நம்ம லயத்துலதானே இருக்காங்க?"

"ஆமா. இப்பவும் ராத்திரியில ஒத்திகை. தூங்க விடுறானுங்களா!"

"அவங்க தெனமும் வேஷங் கட்டிக்கிட்டா காலையில பெரட்டுக்கு வர்றாங்க?"

பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு மலைக்கு அனுப்பும் இடம். வேஷம் கட்டிய காமனும் ரதியும் கூடையோடு வரிசையில் நிற்பதைத் தொரை மனதில் பார்த்திருக்க வேண்டும். மீசை அசைந்தது.

"வர மாட்டாங்க," என்றாள் ரோசலின். "கூத்துக்குன்னு கூப்பிட்டா வருவாங்க. ஒரலோசையும் அந்த மாதிரி வச்சுக்குவோம் சார். காலையில பேரு கூப்பிடுறப்ப காப்பும் அச்சும் மட்டும் எந்திரிக்கட்டும். வேலை முடிஞ்சதும் நீங்க சொல்லுங்க, ஒரலோசக் கூப்பிடுறேன். வந்து பாடும்."

"அழிக்கல?"

"அழிக்கல சார். எழுப்பல, அவ்வளவுதான்."

தொரை நாற்காலியில் சாய்ந்தார். "கூப்பிட்டவொடனே வரணும்."

"வரும்."

"என்னா பேரு சொல்லிக் கூப்பிடுவீங்க?"

கதவருகிலிருந்து பெரிய கிளாக்கரின் குரல் வந்தது: "தொரைன்னுதாங்க சார் வைக்கணும்!" அப்படியே வைத்தோம். அந்த இயந்திரத்தில் 'தொரை' என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் கடிகாரம் ஓடிவரும். தட்டாவிட்டால் வட்டில் படுத்துக் கிடக்கும்.

மத்தியானம் வந்த கொழும்புப் பெரியவர் அதிகம் பேசாதவர். ரோசலினின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். அவள் பெட்டி விவரங்களைத் தட்டிக்கொண்டே போனாள். பக்கத்தில் அச்சு இயந்திரம் கரகரவென்று தாளைத் தள்ளிக்கொண்டிருந்தது. வாசலில் தப்பால்காரர் பையோடு, பஸ் வரும் திசையைப் பார்த்தபடி.

அப்போது பெக்டரியில் மோட்டார் உறுமியது.

விளக்கு மங்கியது. திரை செத்தது. அச்சு இயந்திரம் பாதி வரியில் நின்றது. விபூதி பூசிய பெரிய கிளாக்கர் வாயிலிருந்து, "மாதாவே!" என்று ஒரு சொல் தானாக வந்து விழுந்தது.

இயந்திரம் எழுந்தது. இந்தத் தடவை பெரட்டுக்கு வந்தது இரண்டே பேர். சட்டென்று வந்து, சட்டென்று உட்கார்ந்தார்கள். ரோசலின் நிரலைத் திறந்தாள். விரலால் திரையைத் தடவிக்கொண்டு கீழே போனாள்.

"எல்லாம் இருக்கு," என்றாள். "கடைசி வரி மட்டுந்தான் இல்ல." அதைத் திரும்பத் தட்டினாள். நின்றுபோன தாளைத் திரும்ப வரிசையில் போட்டாள்.

"இது அடிக்கடி நடக்குமா?" என்று பெரியவர் முதல் தடவையாக வாய் திறந்தார்.

"தெனமும் நடக்கும் சார். கொழுந்து காத்துக்கிட்டிருக்காது, ரோலர் ஓடித்தான் ஆகணும். மிஷின்தான் விழுந்தா எந்திரிக்கப் பழகணும்."

பெரிய தொரைக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. கையைத் தேய்த்துக்கொண்டு முன்னால் வந்தார். "மிஸ், இப்ப நம்ம பாட்டு!"

ரோசலின் திரும்பிப் பார்க்கவில்லை. "பேப்பரு முடியட்டும் சார்."

பெரிய கிளாக்கர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த மலையில் தொரையைக் காக்க வைப்பது மழை மட்டும்தான். தொரை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அச்சு இயந்திரம் தன் பாட்டுக்குக் கரகரத்தது. நின்றார். தாள் முடிந்தது. ரோசலின் கிழித்தெடுத்து, மடித்து, தப்பால்காரர் கையில் வைத்தாள். அவர் ஓடினார். பிறகு நிரலை மூடி, சாவகாசமாகத் 'தொரை' என்று தட்டினாள்.

கடிகாரம் வந்தது. பாடியது. பாதிப் பாட்டு சுருதி விலகியிருந்தது. தொரை பெரியவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

பெரியவர் கணினியின் முதுகைத் தட்டினார். "மேக்க மெஹெம தியமு," என்றார். இது இப்படியே இருக்கட்டும் என்று அர்த்தம். தன் பாட்டைத்தான் மெச்சுகிறார் என்று நினைத்துத் தொரைக்கு முகமெல்லாம் பூரிப்பு. பெரியவரின் கண்கள் ரோசலினின் மேசையில், தாள் கிழித்த இடத்தில் இருந்தன. ஜீப் வெறும் ஜீப்பாகவே திரும்பிப் போனது.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ இயந்திரங்களை எழுப்பியிருக்கிறேன். அறை அளவு பெரியவை, உள்ளங்கையில் அடங்குபவை. ஒவ்வொன்றின் தொடக்க வரிசையையும் எழுதும்போது எனக்குள் பனி படிந்த ஒரு பெரட்டுக்களம் விடியும். சத்தம் போடுகிறவன் முன்னால் வந்து நிற்பான், சத்தம் போடாதவன் பின்னால் நிற்பான். நான் பின்வரிசையிலிருந்து கூப்பிடத் தொடங்குவேன். அதோடு இதையும் சொல்லிவிடுகிறேன்: நாம் முன்னமே எதை ஓட விட்டோமோ அதை அநேகம் பேர் கடைசிவரை மாற்ற மாட்டார்கள். பெரிய கிளாக்கராவது மாற்றிப் பார்த்தார், அவருக்கு என் வணக்கம்.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியபோது நான் கிளம்பினேன். ரோசலின் ஒப்பீசுப் படி தாண்டி, பஸ் வரும் வளைவுவரை கூட வந்தாள். உத்தியோகம் நிலைத்துவிட்ட மகிழ்ச்சியில் வழியில் கண்ட எல்லாரிடமும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டே வந்தாள். கொழுந்துக் கூடையோடு இறங்கிக்கொண்டிருந்த பெண்கள், "என்னா ரோசலினு, தொரையவே நிக்க வச்சியாமே!" என்று கேலி செய்தார்கள். செய்தி எங்களுக்கு முன்னால் லயத்துக்குப் போயிருந்தது.

பஸ் வளைவில் தெரிந்தபோது எனக்கும் உற்சாகம் தாங்கவில்லை. பையிலிருந்து ஒரு வட்டை எடுத்தேன். "புதுசா வந்துருக்கு மிஸ். மிஷின் எழும்புறப்ப உங்க பேரச் சொல்லி வணக்கம் வைக்கும். அடுத்த தடவ வர்றப்ப போட்டு விடுறேன்."

அவள் வட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பஸ் வந்து நின்றது. நான் படியில் ஏறினேன். கண்டக்டர் கதவைத் தட்டினான்.

"வாங்க சார், கட்டாயம் வாங்க, டீ ஊத்தித் தர்றேன்," என்று கீழேயிருந்து குரல் கொடுத்தாள். "ஆனா என்னையக் கேக்காம ஒருத்தரையும் எழுப்பி விட்டுட்டுப் போயிறாதீங்க!"